பழி என்னும் சொல்

பழிவாங்குதல் என்னும் தொடரை நாம் அடிக்கடி கேட்கின்றோம். கதைகளிலும் நாடகங்களிலும் அது வருகின்றது. பள்ளிக்கூட முற்றத்திலே பிணங்கிக்கொள்ளும் சிறுவர் வாயிலும் வருகின்றது. தீங்கு செய்தவனுக்குத் தானும் தீங்கு செய்தல் என்பதே அதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள். எனினும், பழி என்னும் சொல்லுக்கு முதற்கண் அமைந்த பொருள் அதுவன்று.

பழித்தல் என்பது குறைகூறுதல், இகழ்தல். அவ்வினையோடு ஒட்டிய பெயரே பழி. உலகத்தார் கூறும் இகழ்ச்சியையும், அவ்விகழ்ச்சிக்குக் காரணமான குற்றத்தையும் அது ஒருங்கே குறிக்கும். புகழுக்கு மறுதலை பழி. புறநானூற்றிலே, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியன் சான்றோரின் இயல்பைக் கூறுமிடத்து, அவர் புகழின்பொருட்டு உயிரையும் ஈவர் என்றும், பழியோடு வருமாயின் உலகம் முழுவதையும் ஏலார் என்றும் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துகின்றான். பழிக்கு நாணுவோர் தினையளவான குற்றத்தையும் பனையளவாக எண்ணுவர் என்பது வள்ளுவர் கருத்து. இவ்விடங்களிலே வஞ்சந் தீர்த்தல் என்னும் எண்ணத்துக்கு இடமேயில்லை.

அவ்வாறாயின், இகழ்ச்சியைக் குறித்த சொல் வஞ்சந் தீர்த்தலோடு எவ்வாறு தொடர்புற்றது? கொலைப்பழி என்னும் வழக்கை நோக்கினால் இது விளங்கும். ஒருவன் மற்றொருவனைக் கொன்றால் பழி கொன்றவனைச் சேர்கின்றது. தீராக் கடன்போல அவன் தலைமேல் நிற்கின்றது. மாண்டவனின் சுற்றத்தார் அக்கடனை உயிராகவே அறவிட முற்படுகின்றனர். பழிதீர்த்தல், பழிவாங்குதல், பழிக்குப் பழி ஆகிய தொடர்கள் யாவும் கொடுக்கல் வாங்கலின் சாயல் பெற்றிருத்தலைக் காண்க. ஒருவர் வாசலிலே விடாப்பிடியாகக் காத்திருப்பதைப் "பழி கிடத்தல்" என்று நம்மவர் கூறுவர். எனக்கு ஏதும் நேரின் அப்பழி உன்னைச் சாரும் என்னும் குறிப்பு அவ்வழக்கில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

பழியைப் பற்றிய இரு கதைகள் தமிழ்நாட்டில் நிலைத்துள்ளன. ஒன்று பழையனூர் நீலி கதை. முற்பிறப்பிலே கணவனாற் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து சென்று உயிர் கவர்ந்தாள். அவனுக்குப் பிணைநின்ற வேளாளர் எழுபதின்மரும், கொடுத்த வாக்குத் தவறாது தீப்பாய்ந்து மாண்டனர். நீலி தேடியது ஓர் உயிர், அழிந்தவையோ எழுபத்தோருயிர்கள்.

மற்றையது திருவிளையாடற் புராணத்துப் பழியஞ்சின படலம். ஆலமரத்தடியிலே அம்பு பாய்ந்து இறந்துகிடந்தாள் ஒரு பார்ப்பனி. அருகே வில்லோடு நின்ற வேடன்மேல் ஐயம் பிறந்தது. மனைவியை இழந்த கணவனோ அரசனிடம் முறையிடுகின்றான். பாண்டியன் உடனே தண்டம் விதிக்கவில்லை. குற்றமற்றவனைக் கொன்ற பழி தன்னைச் சேருமே என்று அஞ்சி, இறைவனை வேண்டி உண்மையை நாடினான். முன்னொருகால் மரத்திலே தைத்திருந்த அம்பு காற்றசைவில் வீழ்ந்ததே சாவுக்குக் காரணம் என்பது பின்னர் வெளிப்பட்டது. வேடன் உயிர் தப்பினான்.

முதற் கதையிலே பழி துரத்துகின்றது. இரண்டாவதிலே பழிக்கு அஞ்சும் அச்சம் கையைத் தடுக்கின்றது. நீதிக்கும் பழிவாங்கலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உளது. நீதி, செய்தவன் யார் என்று முதலிற் கேட்கும். பழிவாங்குவோர் அவ்வினாவை எழுப்பப் பொறுப்பதில்லை. செய்தவன் கைக்கெட்டாதபோது அவன் உறவினனை, அவன் ஊரவனை, அவன் மொழி பேசுவோனைத் தேடுவர். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பழிவாங்கினால் பழி நீங்கிவிடும் என்று எண்ணுவோர் அத்தொடரின் சொற்களை ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நன்று. வாங்கிய பொருள் வாங்கியவனிடத்தே தங்கும். இளம்பெருவழுதி கூறிய சான்றோர், உலகத்தையே விலையாகத் தந்தாலும் ஏற்க மறுத்த பொருள் அதுவே.