மணிலாப் பூச்சியைப் படம்பிடித்தல்

மணிலாப் பயிரின் இலைநுனி மஞ்சளிப்பது தத்துப்பூச்சியாலும் நேரும். சத்துக் குறைவாலும் நேரும். காரணம் அறியாது மருந்தடிப்பது வீண் செலவாம். விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் குடியானவர்கள் தெளிவான படத்தைத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தாருக்குக் காட்டித் தக்க யோசனை பெறலாம்.

பூச்சியின் உருவம் காமிராவினுள் மெய்யளவில் பதிய, கணக்குப்படி 50 மில்லிமீட்டர் லென்ஸின் மையம் பூச்சிக்கு 10 சென்டிமீட்டர் தூரத்திலும், 100 மில்லிமீட்டர் லென்ஸின் மையம் 20 சென்டிமீட்டர் தூரத்திலும் இருத்தல் வேண்டும். மிக நெருங்கினால் காமிராவின் நிழல் இலைமேல் விழும், தத்துப்பூச்சியும் தாவிவிடும். ஆகையால் அதற்கு 100 மில்லிமீட்டர் லென்ஸே உத்தமம். மடிந்த இலைக்குள் உறையும் சுருள்பூச்சிப் புழுவுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸும் போதும். தத்துப்பூச்சி அடிப்புறத்தில் தங்குமாதலால், இலையை மெல்லத் திருப்பிப் படம்பிடித்தல் வேண்டும்.