வாசலில் கிடக்கும் கீறல்கள்

திருவொற்றியூரிலிருந்து மணலி, சாத்தாங்காடு பக்கம் போகிறவர்கள் கண்டெய்னர் யார்டுகளின் வாசலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிமெண்டில் இரண்டு வகைக் கீறல்கள் தெரியும். சரிவின் மேல்முனையில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று. இரண்டையும் போட்டது டிரெய்லர்தான், ஆனால் அதன் வெவ்வேறு உறுப்புகள்.

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துச் சாலைகள் நாற்பதடிப் பெட்டிகளுக்குப் பழகிவிட்டன. பெட்டி மட்டுமே 12.19 மீட்டர், இழுக்கும் வண்டியோடு சேர்த்தால் 15 மீட்டருக்குக் குறையாது. இந்த நீளத்தை நடுவில் ஒரே ஒரு மூட்டு பிடித்திருக்கிறது. டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் கட்டைவிரல் நீள இரும்பு முளை, இழுவை வண்டியின் முதுகிலுள்ள வட்டத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். முளையின் தடிமன் இரண்டு அங்குலம்தான்!

முன்னால் போகும்போது இந்த மூட்டு சாது. இழுத்தால் பின்னால் வரும். ரிவர்ஸில் அப்படியில்லை, உள்ளங்கையில் விளக்குமாற்றை நிமிர்த்தி நிறுத்துவது போன்ற வேலை அது. சாயத் தொடங்கினால் சாய்ந்துகொண்டே போகும், கை ஓடிப் பிடிக்க வேண்டும். வால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். வால் திரும்பத் தொடங்கியதும் வலப்பக்கம் ஒடித்து அதன் பின்னாலேயே போக வேண்டும். தாமதித்துக்கொண்டே போனால் கேபினும் பெட்டியும் மடக்குக் கத்தி மாதிரி மடிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை: நீளமான விளக்குமாற்றை நிறுத்துவது பென்சிலை நிறுத்துவதைவிடச் சுலபம். அதே கணக்கில், நாற்பதடி டிரெய்லர் மெதுவாகத்தான் தப்பு செய்யும். வயலுக்குப் போகும் டிராக்டரின் குட்டி டிரெய்லர் கண்ணிமைப்பதற்குள் மடிந்துவிடும்.

இனி சரிவு. தார் மேல் தார் போட்டு உயர்ந்துபோன சாலைகள் சென்னையில் எத்தனையோ. அப்படிப்பட்ட சாலையோரத்து யார்டு தாழ்ந்து கிடக்கும்; வாசலில் செங்குத்தாய் ஒரு இறக்கம். டிரெய்லரின் பின்சக்கரம் இறக்கத்தில் இறங்கிவிட்டது, இழுவை வண்டியின் சக்கரம் இன்னும் சாலையில் என்று வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி 8 மீட்டர். வண்டியைக் கழற்றி நிறுத்தும்போது தாங்குகிற ஊன்றுகால்கள் இழுவை வண்டியின் அந்தச் சக்கரத்திலிருந்து 2 மீட்டர் பின்தள்ளி, மடங்கிய நிலையிலும் தாழ்வாகத் தொங்குகின்றன. இறக்கம் பத்து மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்றால், மேல்முனை அந்தக் கால்களுக்கு நேர்கீழே வரும்போது தரை 30 சென்டிமீட்டர் எழும்பி வந்த கணக்கு. மேல்முனைக் கீறல் இப்படி விழுந்ததுதான். அடிவாரத்துக் கீறல் பின் பம்பருடையது: சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால், சமதரை தொடங்கும் இடத்தில் போய் இடிக்கிறது.

கார்க்காரர்கள் வேகத்தடையில் அடி தட்டாமலிருக்கக் குறுக்காக ஏற்றுவார்கள். அந்தப் புத்தியை இங்கே காட்டக் கூடாது. இந்த மூட்டு பக்கவாட்டில் திரும்பும். கேபின் நேராக இருக்கும்போது மேலும் கீழும் தலையாட்டும். ஆனால் இடம் வலமாகச் சாய அதற்கு வராது. கேபின் பெட்டிக்குக் குறுக்கே நிற்கும்போது டிரெய்லரின் வால் இறங்கினால், அந்த இறக்கம் கேபினுக்குச் சாய்வாகிவிடும். மூட்டு விட்டுக்கொடுக்காது, சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், ஒரு பக்கச் சக்கரம் தரையை விடப் பார்க்கும். ஆகவே திருப்பமெல்லாம் சாலையிலேயே முடிந்து, வண்டி நூல் பிடித்தாற்போல் நேரான பிறகுதான் சரிவில் இறக்க வேண்டும். பின்னால் ஹார்ன் அடிக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். வால் வலப்பக்கம் திரும்பினால் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இடப்பக்க வாசல் என்றால் கண்ணாடியில் பெட்டியின் சுவர் மட்டும்தான் தெரியும். அப்போது கிளீனரின் குரல்தான் கண்: “வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி… ஹோல்டான்!” சில கிளீனர்கள் அடிவாரத்தில் இரண்டு மரப்பலகைகளைப் போட்டுவைப்பார்கள். சக்கரம் அதில் ஏறினால் வால் நாலு விரற்கடை தூக்கும், பம்பர் தப்பும்.

சரக்கை இறக்கியதும் ஸ்பிரிங் பட்டைகள் மீண்டும் வளைந்து வண்டி சற்று உயர்ந்துவிடும். வரும்போது உரசிய வாசலிலேயே, திரும்பும்போது சத்தமில்லாமல் ஏறிப் போகும்.