பெக்கோ வந்த பிறகு பேசிப் பயனில்லை

ஒலுவில் துறைமுகம் மறைந்த தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு. டென்மார்க்கின் நிதியுதவியோடு 2008இல் கட்டத் தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறந்துவைத்தார்கள். வர்த்தகக் கப்பல் வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று கரையோரமே எதிர்பார்த்திருந்தது. வந்தது மணல்தான். துறைமுக வாயிலை மணல் மூடி, ஆழ்கடல் படகுகள்கூடப் போய்வர முடியாமல் தவித்தன. தெற்கிலிருந்து வடக்கே கரையோடு நகரும் மணலை, கடலுக்குள் நீட்டிக் கட்டிய அலைதடுப்பு மறித்துவிட்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரிபட்டுத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலை இழுக்க அகன்ற மணல்வெளி வேண்டும். அது கடலுக்குள் போய்விட்டால் வலையும் தோணியும் இருந்தும் தொழில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவை நமக்குப் பழகிப்போனவை. ஆர்ப்பாட்டம், மகஜர், அமைச்சரின் விஜயம், கரையில் கல் போடுதல். எந்த மாதத்தில் மணல் எந்தப் பக்கம் போகும் என்பது அங்கே தொழில் செய்த கடற்றொழிலாளர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லை எழுத்தில் வாங்கிப் பதிய வேண்டிய காலம், முதல் கல் போடுவதற்கு முன்னரே கடந்துபோய்விட்டது.

பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நமது ஊர்களில் திட்டம் என்பது பெக்கோ வந்து நிற்கும் நாளில்தான் தெரியவருகிறது. அதற்கு முன்பே வாய் திறக்கச் சட்டம் சில வாசல்களை வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு உண்டு. நாள் தவறினால் வாசல் மூடிவிடும்.

கரையோரத்தில் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடமோ கல்லணையோ எதுவானாலும், கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். பெரிய திட்டமென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கருத்துச் சொல்லப் பொதுவாக 30 நாள்கள். அறிவித்தல் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்துபோகும். அறிக்கை பல நூறு பக்கம் இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. வெள்ளம், மண்ணரிப்பு, மீன்பிடி பற்றிய பகுதியை மட்டும் ஊரின் ஓர் ஆசிரியரும் ஒரு கடற்றொழிலாளரும் சேர்ந்து படித்தாலே, கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட திட்டமென்றால், வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது உரிய அமைச்சரின் கடமை. ஐந்து இலட்சத்துக்குள் இன்று ஒரு வடிகான்கூட உருப்படியாகக் கட்ட முடியாது. ஆகவே நம் ஊரில் நடக்கும் பொது வேலைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். கேட்பார் இல்லாததால் சட்டம் ஏட்டில் கிடக்கிறது.

காணி எடுப்பது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனை எழுதலாம். அதற்குக் கொடுக்கும் காலம் 14 நாள்களுக்குக் குறையக்கூடாது. 7ஆம் பிரிவு அறிவித்தல் நஷ்டஈடு கோருவோரை அழைப்பது. தீர்மானித்த தொகை போதாதென்றால் 21 நாள்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

இங்கே நமது சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கல்முனைக் கரையோரத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்கிறோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கும். ஆனால் திட்டத்தைப் பற்றிய கூட்டம் நடப்பதோ பள்ளிவாசல் நிர்வாகம், சங்கம், கட்சிக்காரர் என்று ஆண்களுக்கிடையில். உறுதியில் பெயருள்ள உம்மாவோ ராத்தாவோ அறிவித்தலைக் கண்ணால்கூடக் கண்டிருக்கமாட்டார். கோரிக்கை வைக்க வேண்டியவர் உறுதிக்காரர்தான். பெண்களை அழைக்காத கூட்டத்தில் காணி உடைமையாளர்களே இல்லை. இதை நிர்வாகங்கள் உணர வேண்டும்.

ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வளவு என்ற தேவைதான் வயலை நிரப்பவும் நம்மைத் தள்ளுகிறது. கிழக்கே கடல், மேற்கே வட்டை, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டில் சாய்ந்தமருதும் மருதமுனையும் நெருக்கியடித்து நிற்கின்றன. நெற்காணி நிரப்ப, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்திலான அனுமதி வேண்டும். அதைக் கெடுபிடி என்று நினைப்பவர்கள் தண்ணீர் எந்த வழியாக வடியும் என்று ஒரு வட்டவிதானையிடம் கேட்டுப் பார்க்கட்டும். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்று மதரசா மாணவர்கள் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. எந்த வீதியில் எந்த மாரியில் தண்ணீர் ஏறும் என்ற ஊரறிவு, திட்ட வரைபடத்தில் ஏற வேண்டும்.

அடுத்த ஊரையும் அடுத்த சமூகத்தையும் கேட்காமல் போடும் திட்டத்துக்கு நுரைச்சோலை ஒரு பாடம். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி நிதியில் அக்கரைப்பற்றுப் பக்கம் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து பற்றைக்காடாயின. முஸ்லிம்கள் தோற்றார்களா, மற்றவர்கள் வென்றார்களா என்று பேசுவது வீண். கூடாரத்தில் இருந்தவருக்கு வீடு கிடைக்கவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினையிலும் சாய்ந்தமருது தனிச் சபைப் பிரச்சினையிலும் எல்லை எது என்ற வாதத்திலேயே நம் சக்தி தீர்ந்துபோகிறது. எந்த எல்லைக்குள் இருந்தாலும் குப்பைக்கும் வடிகானுக்கும் ஒரே தாழ்நிலம்தான்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் தேர்தல் நடந்தபோது, வழக்கு நிலுவையால் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. தெரிவான உறுப்பினர் இல்லாத சபையில் மக்கள் கருத்தை எடுத்துச் செல்ல யாரும் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு எழுத்தில் கொடுப்பது இன்னும் அவசியம். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நூறு கையொப்பம் கொண்ட மகஜரைவிட, தன் காணி இலக்கத்தையும் பாதிப்பையும் குறிப்பிட்டு ஒருவர் எழுதிய ஆட்சேபனை கனமானது. எல்லாவற்றையும் தமிழில் எழுதலாம். தமிழிலேயே பதில் பெற உரிமை இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே உண்டு. இதில் ஒரு சட்டத்தரணியின் ஆலோசனை அவசியம்.

செலவில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் தகவல் விண்ணப்பத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீதியில் வரவிருக்கும் திட்டம் எது, எவ்வளவு பணம், வரைபடம் எங்கே என்று பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. 14 வேலை நாள்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை.