குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது?

“மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைத்தேன், டாக்டர். இப்போது மீண்டும் ஏறுகிறது.” புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று உடன் வந்தவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. ஆனால் எடை திரும்புவதற்கு மன உறுதிக் குறைவு மட்டுமே காரணமன்று.

உடலின் தற்காப்பு

நீண்ட நாள் பழகிய எடையைக் காக்கவே உடல் முயல்கிறது. அந்த எடையை ‘நிலைப்புள்ளி’ என்பர். கொழுப்பின் இருப்பை மூளைக்குத் தெரிவிப்பது லெப்டின் என்னும் ஹார்மோன். இது 1994இல் கண்டறியப்பட்டது. எடை குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சமாகக் கருதுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் இரைப்பையில் கூடுதலாகச் சுரக்கிறது. உடல் தன் ஆற்றல் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களிடம் இந்த ஹார்மோன் மாற்றங்கள் ஓராண்டு கழித்தும் நீடித்ததை 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

உறக்கம் குறைந்தாலும் பசி மிகும். பனியன் நிறுவனங்களில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, இரவு தாமதமாக உண்டு, சில மணி நேரமே உறங்குவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முயற்சி வீணா?

இல்லை. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியோரில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களது எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! எடை காட்டும் முள் அசையாவிடினும் பயன் உண்டு என்பதே இதன் பொருள்.

செய்யத்தக்கவை

• பட்டினி வேண்டாம். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்து அதனைக் காத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்படும்.
• சோற்றின் அளவைக் குறைத்து, பயறு, கொள்ளு, முருங்கைக்கீரை, காய்களைக் கூட்டுக. தேநீரில் சர்க்கரையைக் குறைத்திடுக.
• நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவும். ஏழு மணி நேரம் உறங்கவும்.
• சில மருந்துகளாலும் தைராய்டு குறைபாட்டாலும் எடை கூடலாம். மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: கடிந்துரைப்பதை விடுத்து, அவர் உண்ணும் உணவையே வீட்டிலுள்ள அனைவரும் உண்ணுங்கள், மாலையில் அவருடன் சேர்ந்து நடங்கள்.