உஷார்! பளிங்குத் தண்ணீரும் கறுக்கும்

கினிகத்தேனையில் மழை பிடித்தால் லேசில் விடாது. பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்குக் கொட்டுகிறது. அந்த மழை தேயிலை மலையை, மாட்டுக் கொட்டிலை, நிரம்பி வழியும் கக்கூஸ் குழியை எல்லாம் கழுவிக்கொண்டு கீழே ஊற்றுக்குத்தான் இறங்குகிறது. பீலியில் விழும்போது பார்த்தால் பளிங்கு. “நம்ம தாத்தா காலத்துலேர்ந்து இதைத்தானே குடிக்கிறோம்” என்று பிடித்துக் குடிக்கிறோம். உஷாராக இருங்கள். அந்தப் பளிங்கை நம்ப முடியாது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். போன மழைக்கு எங்கள் லயத்துப் பீலித் தண்ணீரைச் சோதனைப் போத்தல் ஒன்றில் பிடித்தேன். உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த ஒரு கடதாசித் துண்டு, அவ்வளவுதான். மறுநாள் காலையில் தண்ணீரில் லேசான மஞ்சள், வேறொன்றுமில்லை. அந்திக்குக் கடதாசியின் ஓரம் சாம்பல் பூத்தது. மூன்றாம் நாள் விடியும்போது போத்தல் முழுக்கத் தார் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. அந்தப் பீலியில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனது. நினைக்கும்போது இப்போதும் அடிவயிறு கலங்குகிறது.

இந்தச் சோதனையை 1982இல் உலகுக்குச் சொன்னவர்கள் இந்தியாவின் குவாலியர் நகரத்து விஞ்ஞானிகளான மாஞ்சா, மௌரியா, ராவ் மூவரும். கடதாசியில் இருப்பது கிருமிக்கான சாப்பாடு. கூடவே கந்தகமும் இரும்பும் கலந்த உப்புகள். மலத்தோடு வரும் பக்டீரியாக்களில் பல, அதைத் தின்று பெருகும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைட் வாயுவை விடும். அது இரும்போடு சேர்ந்ததும் கறுப்பு. போத்தல் கறுத்தால், தண்ணீரில் மலம் கலந்திருக்கக்கூடும் என்று உடனே விழித்துக்கொள்ள வேண்டும்.

இனித்தான் கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம். கறுக்காத போத்தலை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். சமவெளிச் சூட்டில் 12 முதல் 18 மணி நேரத்தில் கறுக்கும் போத்தல், நம் மலைக்குளிரில் இன்னும் நேரம் எடுக்கும். ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டு “நல்ல தண்ணி” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். கதகதப்பான இடத்தில் வைத்து இரண்டு நாளாவது பாருங்கள். அப்போதும் கறுக்காவிட்டால்கூட, மஞ்சட்காமாலை வைரஸ் இருந்தால் இந்தப் போத்தல் காட்டாது. ஊற்றிய சிறிது நேரத்திலேயே கறுத்தால், தண்ணீரில் முன்பே இருந்த சல்பைட் காரணமாக இருக்கலாம். வேறு சோதனை வேண்டும்.

ஆய்வுகூடத்திலும் நிறத்தை அறிந்துதான் படிக்க வேண்டும். மெக்கொன்கி என்ற வளர்ப்பூடகத்தில் பால்சர்க்கரையும் நிறம் மாறும் சாயமும் உண்டு. ஈ. கோலை அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலமாக்குவதால் அதன் கூட்டம் இளஞ்சிவப்பாகும். நெருப்புக்காய்ச்சலைத் தரும் சால்மொனெல்லாவும், இரத்தக் கழிச்சலைத் தரும் ஷிகெல்லாவும் அப்படிச் சிவக்காமல் வெளிறியே கிடக்கும். வெளிறிக் கிடப்பதுதான் அங்கே ஆபத்து! வாந்திபேதிக் கிருமிக்கு வேறொரு பச்சை ஊடகம். அதில் அது மஞ்சளாக முளைக்கும். மன்னாரில் கரையிறங்கி மாத்தளைக்கு நடந்த நம் முன்னோர் எத்தனையோ பேரை வழியிலேயே சாய்த்த நோய் அது. அன்று தண்ணீரைச் சோதித்துச் சொல்ல ஆளில்லை. இன்று நமக்கு வழியிருக்கிறது.

காய்ச்சல் வந்ததும் வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோடிக் வில்லையை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். அங்கே சோதனைக்கு உங்களிடம் எடுப்பதில் இருக்கும் மருந்து பட்ட கிருமி, ஊடகத்தில் முளைக்காமல் போகலாம். முளைக்காவிட்டால் நிறமும் இல்லை, நோயின் பெயரும் தெரியாது. சாப்பிட்டிருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை இவை:

தண்ணீர் பிடிக்கும்போது போத்தலின் வாயிலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படக்கூடாது. உங்கள் கைக் கிருமியே போத்தலைக் கறுக்க வைக்கலாம்.

கறுத்த போத்தலில் கிருமி பெருகிக் கிடக்கிறது. திறந்து மோந்து பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஓடையில் ஊற்றாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படையுங்கள்.

அவர் மூலம் பீலி, டேங்கி இரண்டின் தண்ணீரையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பக் கேளுங்கள். குடிதண்ணீரில் 100 மில்லிலீட்டருக்கு ஒரு ஈ. கோலைகூட இருக்கக்கூடாது என்பது இலங்கைத் தரநிர்ணயம். கேட்பது நம் உரிமை.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தாமதம் வேண்டாம்.

சோதனை முடிவு வரும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாது. ஆகவே இன்று ராத்திரியே கேத்தலை அடுப்பில் வையுங்கள். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் போகட்டும். மூடி ஆறவைத்து, நாளைக் காலையில் பிள்ளையின் போத்தலில் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொடுங்கள். பீலியில் நிரப்ப விடாதீர்கள்.