கூட்டத்தில் நின்று பதிந்த கேசட்

கேசட்டில் முதலில் கேட்பது பாட்டு அல்ல. பாலித்தீன் பைமேல் மழை விழும் சத்தம். சோளம் பொரிகிற சட்டி மாதிரி படபடவென்று. அடுத்து என் நண்பனின் குரல்: "பட்டன அமுக்கீட்டயாடா?" அப்புறம்தான், கிணற்றுக்குள் யாரோ வாசிப்பதுபோல ஒரு கிடார்.

2003 ஏப்ரல் 4, பெங்களூர் அரண்மனை மைதானம். ரோலிங் ஸ்டோன்ஸ் இந்தியாவில் முதன்முதலாக மேடையேறிய இரவு. 1962-இல் லண்டனில் தொடங்கிய குழு. சார்ஸ் காய்ச்சல் பரவியதால் அவர்களுடைய ஹாங்காங், சீன நிகழ்ச்சிகள் ரத்தாகியிருந்தன. இதுவும் ரத்தாகிவிடுமோ என்று கடைசிவரை பயந்துகொண்டே இருந்தோம். பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 59 வயது. எங்கள் ஊரில் மணிவிழாவுக்குப் பத்திரிகை அடிக்கிற வயது. அவர் மழையில் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

நான் ராசிபுரத்துக்காரன். அப்பா ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏற்றிக் கட்டி வளர்ந்த வீடு எங்களுடையது. ராக் இசை எனக்கு வந்தது சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரெக்கார்டிங் சென்டர் ஒன்றின் வழியாக. சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். அங்கே இளையராஜா பட்டியலுக்கு நடுவே எவனோ ஒரு கல்லூரி மாணவன் விட்டுப்போன இங்கிலீஷ் கேசட்டை ஓட்டிப் பார்த்தோம். பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஓசூரில் வேலை பார்த்த நண்பன் டிக்கெட் எடுத்துவிட்டான். சேலத்தில் பஸ் ஏறி தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் போய் அவனையும் சேர்த்துக்கொண்டேன். பையில் ஒரு துண்டு, துண்டுக்குள் பதியும் வசதி உள்ள வாக்மேன், ஒரு 90 நிமிட கேசட். வாசலில் பையைத் தடவிப் பார்த்தவர் துண்டைப் பிரிக்கவில்லை.

இப்படி மேடை நிகழ்ச்சியை ஒருவன் சொந்தக் கருவியில் பதிவதற்கு உலகம் முழுக்கப் பெரிய வரலாறே உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன், 1901 முதல் 1903 வரை எடிசன் கருவியை வைத்து மெழுகு உருளைகளில் மேடைப் பாட்டைப் பதிந்தார். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம்தான், அதிலும் பாதி கரகரப்பு. ராக் காலத்தில் இந்த வேலைக்குப் பேர்போனவர் கலிஃபோர்னியாவின் மைக் மில்லார்ட். கால் நன்றாக இருந்தும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போவார். அடியில் நாகமிச்சி 550 கேசட் ரெக்கார்டர். 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் லெட் செப்பலின் குழுவை அவர் பதிந்த நாடா, கூட்டத்திலிருந்து எடுத்த பதிவுகளிலேயே தலைசிறந்ததென்று பலர் இன்றும் சொல்வார்கள். அதே மில்லார்ட் 1975-இல் பதிந்த பிங்க் ஃபிளாய்ட் கச்சேரியை 2025-இல் அந்தக் குழுவே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. கிரேட்ஃபுல் டெட் குழு இன்னும் ஒரு படி மேலே. 1984-இல் பதிகிறவர்களுக்கென்றே தனி இருக்கைப் பகுதி ஒதுக்கிவிட்டார்கள்.

என் கேசட் அந்த வரிசையில் சேராது. முதல் தடவை கேட்கிறவர் 5 நிமிடத்தில் நிறுத்திவிடுவார், அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சத்தம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நிறுத்த மனம் வராது.

நாங்கள் மேடையிலிருந்து 100 மீட்டர் போல் தள்ளி நின்றோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆக, டிரம்ஸில் சார்லி வாட்ஸ் அடித்த அடி எங்களுக்கு வந்து சேர 0.3 விநாடி. எங்களுக்குப் பின்னால் 50 மீட்டரில் நின்றவர்களுக்கு இன்னும் தாமதம். அவர்கள் தாளத்துக்குத் தட்டிய கை எங்களிடம் திரும்பி வருவதற்குள் மறுபடியும் தாமதம். அதனால் கேசட்டில் முன்னால் நின்றவர்களின் கைதட்டல் தாளத்தோடு வருகிறது, பின்னால் நின்றவர்களுடையது பிசகுகிறது. எனக்குப் பின்னால் தாளம் தெரியாத கூட்டம் நின்றதாகப் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் சரியாகத்தான் தட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்தச் சின்ன ரெக்கார்டரில் ஒலி அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் சுற்று ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவன் விசில் அடித்தால் அது பயந்துபோய் மொத்த ஒலியையும் அமுக்கிவிடும். ஜாகர், கிடார், டிரம்ஸ் எல்லாம் காணாமல் போய் மெல்ல மெல்ல மேலே வரும். மழை வலுத்த இடத்தில் பை படபடக்கப் படபடக்க, பாட்டு மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குகிறது. 45 நிமிடத்தில் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும். இருட்டில், ஈரக் கையோடு. அந்த இடத்தில் ஒரு பாட்டின் நடுப்பகுதி போயே போய்விட்டது.

கடைசியில் பேட்டரி இறங்கியது. பதியும்போது நாடா மெதுவாக ஓடினால், பிறகு சரியான வேகத்தில் போடுகையில் பாட்டு வேகமாகவும் கீச்சென்றும் கேட்கும். ஊருக்கு வந்து அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். மழைச் சத்தம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மைக்க எங்க கண்ணு வெச்ச?"

"சட்டப் பைக்குள்ளீங்கப்பா."

"கடைசியில அந்தாளு சின்னப் பையனாட்டப் பாடறாரு." கொஞ்ச நேரம் கழித்து, "அதான், மேடையப் பதியப் போயி, கூட்டத்தப் பதிஞ்சுட்டு வந்திருக்கற" என்றார்.

அவருக்கு அது குறை. ஒலியைச் சுத்தமாக எடுக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் ஐப்பசித் திருவிழாவில் ஒரு வருஷம் அப்பா தன் ஆம்பிளிஃபயரிலிருந்தே ஒயர் இழுத்து நாதஸ்வரத்தைப் பதிந்திருந்தார். எங்கள் பக்கத்து நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் கல்யாண கேசட்டுகளைப் போலவே அதுவும் தெளிவாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தவிலுக்கு மைக் வைக்கவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. எனவே அந்தப் பதிவில் நாயனம் தனியாக ஊதிக்கொண்டிருக்கிறது, தவில் பக்கத்துத் தெருவில் கேட்கிறது.

அதே இரவில் சித்தப்பா கூட்டத்துக்குள் உட்கார்ந்து மடியில் டூ-இன்-ஒன்னை வைத்துக்கொண்டு பதிந்தார். அதில் தவில் நெஞ்சில் இடிக்கிறது. வேட்டு வெடிக்கிறது, குழந்தை அழுகிறது, பலூன்காரர் பீப்பீ ஊதுகிறார். ஒரு கிழவர் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் "அப்படிப் போடு" என்கிறார். வீட்டில் யாரும் அப்பா பதிந்ததைத் திரும்பக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது சித்தப்பாவுடையதைத்தான். அப்பா அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மேடைக் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சிமேல் உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தால் வந்த 38-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அடுத்த 39-ஆம் பிரிவு, தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் பதிந்துகொள்வது அந்த உரிமையை மீறியதாகாது என்கிறது. நகல் எடுத்து விற்றால் கதை வேறு. வாசலில் கருவி கூடாது என்று போட்டிருந்தால் அது நிகழ்ச்சி நடத்துபவரின் நிபந்தனை. அதை நான் மீறினேன், அதற்குச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கவில்லை.

போன மாதம் அந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றினேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். கடைசிப் பாட்டுகளின் வேகத்தை மட்டும் சரிசெய்தேன். ஜாகர் தன் வயதுக்குத் திரும்பினார். மழையை எடுக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்த நிசப்தத்தில் என் நண்பன் "மாப்ள, கால் ஊறிப்போச்சுடா" என்கிறான். அதையும் எடுக்கவில்லை. சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் இறந்த செய்தி வந்த அன்று நான் தேடியது கடையில் விற்கும் அவர்களுடைய தட்டுகளை அல்ல, இந்தக் கேசட்டைத்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் கிடக்கும். திருவிழா நாயனமோ, தெருக்கூத்தோ, பள்ளி ஆண்டு விழாவோ. எடுத்தவுடன் பழைய பிளேயரில் போட்டுவிடாதீர்கள். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன பஞ்சுப் பட்டை உதிர்ந்திருக்கிறதா, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டை உதிர்ந்திருந்தால் நாடாவைப் பிரித்து நல்ல கூட்டுக்கு மாற்றலாம். பூஞ்சை இருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் பிளேயரும் கெடும். முடிந்தால் ஒருமுறைக்குமேல் ஓட்டாமல் முதல் ஓட்டத்திலேயே கணினிக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமாக, உறைமேல் ஊர், வருஷம், வாசித்தவர் பெயரை எழுதி வையுங்கள். சித்தப்பா கேசட்டில் வாசித்த நாயனக்காரர் யாரென்று கேட்க இப்போது எங்கள் வீட்டில் ஆள் இல்லை. உறையில் "மாரியம்மன் – பி சைடு காலி" என்று மட்டும்தான் இருக்கிறது.