குடக்கூலிக்கு விட்ட வீடும் இன்ஷூரன்ஸும்

சித்தூரிலும் திருப்பதியிலும் சொந்தமாக வீடு கட்டிய தமிழன்பர்கள் பலர், உத்தியோக மாற்றத்தால் பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ சென்றபின், அவ்வீட்டைக் குடக்கூலிக்கு விட்டிருக்கின்றனர். குடியிருப்பவர் நல்லவராயின் கவலையில்லை. மூன்று மாதம் வாடகையும் வராமல், கேட்டதற்குப் பதிலும் வராமற்போனால், "வீட்டை இன்ஷூர் செய்திருக்கிறேனே, கம்பெனி கொடுக்காதா?" என்ற எண்ணம் எழுகின்றது. கொடுக்காது என்பதே விடை.

வீடுகளுக்கென 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான பாலிஸி 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலகம் முதலியவற்றால் கட்டடத்துக்கு நேரும் சேதத்துக்கு அது ஈடு தரும். அச்சேதத்தால் வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போயின், இழந்த வாடகைக்கும் வரம்புக்குட்பட்டு ஈடு உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். சுவர் இடிந்ததால் நின்ற வாடகை வேறு. குடியிருப்பவர் தர மறுத்ததால் நின்ற வாடகை வேறு. முன்னது விபத்தின் விளைவு. பின்னது வராத கடன். இங்கிலாந்தில் இக்கடனுக்கும் தனிப் பாலிஸி விற்கிறார்கள். நமது வீட்டுப் பாலிஸியில் அது அடங்காது.

2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புரண்டதையும், ராயலசெருவு ஏரிக்கரை உடையுமோ என்று அஞ்சிச் சுற்றுக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில்தான் பாலிஸி கைகொடுக்கும். அப்பொழுதும் குடியிருப்பவரின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் வீட்டுக்காரரின் பாலிஸி பொறுப்பாகாது. அவர் தமக்கெனத் தனியே எடுக்க வேண்டும்.

திருப்பதிக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. குடும்பம் வாழக் கொடுத்த வீட்டைச் சிலர் யாத்திரிகர் தங்கும் விடுதியாக்கி விடுகின்றனர். குடியிருப்பு என்று எழுதிய பாலிஸியை வைத்துக்கொண்டு, விடுதியில் பற்றிய தீக்கு ஈடு கேட்டால் வழக்கு வளரும். ஆதலால் வீடு வாடகைக்கு விடப்பட்டிருப்பதையும், அதன் உபயோகம் மாறினால் அம்மாற்றத்தையும் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

கழற்றிச் சென்ற மின்விசிறிக்கு எவரிடம் போவது? வெறும் திருட்டு அடிப்படைப் பாலிஸியில் சேராது. வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியலில் இரு தரப்பாரும் கையொப்பமிட்டிருந்தால், முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் பெரும்பாலும் தெலுங்கில் எழுதப்படும். தெலுங்கு பேசுவோராயினும் படிக்கத் தெரியாத நம்மவர் பலர் உளர். ஒருவரைக் கொண்டு முழுவதும் வாசிக்கக் கேட்ட பின்னரே கையொப்பமிடுதல் நலம்.

மாத வாடகைக்கு இருப்பவரை வெளியேற்ற, ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வேறு கூறாவிடில், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதற்கும் அசையாதவர்மீது வழக்குத் தொடரலாமேயன்றி, பூட்டை மாற்றுவதும் குழாயை அடைப்பதும் கூடா. அவை வீட்டுக்காரரையே குற்றவாளியாக்கும். நோட்டீஸைத் தபால் ரசீதுடன் அனுப்புக. வாடகையை ஆரம்பம் முதலே பாங்கி வழியாகப் பெற்று வந்தால், எந்த மாதம் நின்றது என்பதைக் கணக்கே காட்டிவிடும்.